தினம் மூன்று நன்றி எழுதச் சொல்கிறார்கள், எனக்கு ஒன்றுகூட வரவில்லை

கடைமடைக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சொந்த ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். செப்டம்பரில் வேலைக்காகத் திருகோணமலை வந்தேன், இங்கே சுருக்கமாகத் திருமலை என்கிறார்கள். சீனக்குடாப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மின்சாரப் பராமரிப்பு. தங்கியிருப்பது உவர்மலையில் ஒரு வீட்டு மாடி அறை. இந்தக் குழுவில் திருமலைக்காரர்களும், இங்கிருந்து வெளிநாடு போனவர்களும் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

'வெளிநாட்டில் வேலை' என்று ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள். இலங்கையெல்லாம் வெளிநாடா, இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்குமே என்கிறான் மச்சான். கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம், இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். நானும் அப்படி நினைத்துத்தான் பெட்டி கட்டினேன். வந்த முதல் மாதமே, விசா வேலை எப்போது முடியும் என்று ஆபீஸில் கேட்டதற்கு 'ரெண்டு கிழமையில் வரும்' என்றார்கள். எங்கள் ஊரில் கிழமை என்றால் திங்கள், செவ்வாய். நான் புதன்கிழமை காலையில் போய் நின்றேன். இங்கே கிழமை என்றால் வாரமாம். அந்த இரண்டு வாரமும் ஏழு வாரமானது வேறு கதை.

நவம்பரில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. தஞ்சாவூரில் ஸ்டென்ட் வைத்தார்கள். என் பாஸ்போர்ட் விசா வேலைக்காகக் கொழும்பில் கிடந்தது. நாகப்பட்டினம் போகும் கப்பலும் அந்தப் பருவத்தில் நின்றிருந்தது. ஓடியிருந்தாலும் பாஸ்போர்ட் இல்லாமல் என்ன செய்வது. வீடியோ காலில் பேசும்போது என் மனைவி போனை மேசைமேல் மல்லாத்தி வைத்துவிட்டு டாக்டரிடம் ஓடினாள். மூன்று நிமிஷம் நான் அந்த வார்டின் மின்விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்டென்சர் போன விசிறி, மெல்ல மெல்லச் சுற்றியது. அதை மாற்றப் பத்து நிமிஷம் போதும். அந்தப் பத்து நிமிஷ வேலைக்குக்கூட நான் அங்கே இல்லை.

அதற்கு மேல் இரண்டு மாதம் சம்பளம் தாமதம், விடாத வாடைமழை, நடுராத்திரியில் 'லைன் நின்றுவிட்டது' என்று அழைப்பு. தூக்கம் போனது. இணையத்தில் ஒரு ஆலோசகரிடம் பேசினேன். படுக்கும் முன் தினமும் நன்றியோடு நினைக்கக்கூடிய மூன்று விஷயங்களை நோட்டில் எழுதச் சொன்னார். முதல் நாள் எழுதினேன்: மழை, தேநீர், வேலை. இரண்டாம் நாள்: தேநீர், வேலை, மழை. மூன்றாம் நாள் அறைக் கூரை ஒழுகியது, மழையை அடித்துவிட்டேன். வேலையை அடிக்கப் பயமாக இருந்தது. மனைவியிடம் சொன்னால், 'உங்கள் அத்தை பையன் துபாயில் எட்டுப் பேரோடு ஒரே ரூமில் படுக்கிறான், நீங்கள் ராசா' என்கிறாள். உண்மைதான். ஆனால் அதைக் கேட்டதும் இருந்த கவலையோடு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது.

ஒரே ஒரு விஷயம் மனசில் நிற்கிறது. அப்பாவை உள்ளே கொண்டுபோன அன்று, இரவு ஒன்பது மணிக்கு நனைந்துகொண்டு வந்தேன். வீட்டுக்கார அம்மா கீழே கூப்பிட்டுப் பிட்டும் சொதியும் வைத்தார். வைத்துவிட்டு, 'தம்பி, ஆறுதலாச் சாப்பிடுங்கோ' என்றார். நான் அவரிடம் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படித்தான் கண்டுபிடித்தாரோ. தட்டைப் பார்த்தபடியே அழுதுவிட்டேன். மனைவி இவரிடம் போனில் பேசினாளா என்று கேட்டேன், இல்லை என்கிறாள்.

கேள்வி இதுதான். வெளியூரில் இந்தக் கட்டத்தைக் கடந்தவர்கள் எப்படிக் கசந்துபோகாமல் இருந்தீர்கள்? பொய்யில்லாமல் சொல்லுங்கள்.

சும்மாவந்தவன்

சம்பந்தர் கடலைத் தாண்டாமல் இராமேசுவரத்தில் இருந்தபடியே கோணமலையைப் பாடினார் என்பார்கள். நீங்கள் தாண்டி வந்து மலைக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு பாட்டு வரவில்லை என்கிறீர்கள். முதலில் கூரை ஓட்டையை அடையுங்கள் அண்ணே. நன்றி அப்புறம்.

மனையாவெளி

தம்பி, இதைச் சொல்வதா விடுவதா என்று ஒரு பகல் முழுக்க யோசித்தேன். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள், சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'ஆறுதலா' என்றால் எங்களிடம் 'அவசரப்படாமல், மெதுவாக' என்று அர்த்தம். பஸ்ஸில் 'ஆறுதலா இறங்குங்கோ' என்போம். கடன் கேட்டு வந்தவனிடம் 'ஆறுதலாத் தாங்கோ' என்போம், அது வேறு பெருந்தன்மை. உங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு உங்கள் அப்பாவைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. நீங்கள் அள்ளி அள்ளிச் சாப்பிட்டிருப்பீர்கள், புரைக்கேறிவிடும் என்று சொல்லியிருப்பார்.

கோபிக்க வேண்டாம். இப்படி இன்னும் வரும். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்குது என்று சொன்னால் வேர்க்கடலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது மேற்கிலிருந்து வரும் சூடான காற்று. கடலைக்கும் இங்கே கச்சான்தான் பெயர் என்பதால் குழப்பம் உங்கள் பிழையில்லை.

நன்றி எழுத வரவில்லை என்பதைப் பற்றி ஒன்று. நாங்கள் வீட்டுக்குள் அந்தச் சொல்லைப் பாவிப்பதே இல்லை, உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். சோறு போட்ட அம்மாவிடம் 'நன்றி அம்மா' என்று சொல்லிப் பாருங்கள், என்னடா புதுசா என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். குறளில் அந்த அதிகாரத்துக்குப் பெயர் செய்ந்நன்றி அறிதல். அங்கே நன்றி என்பது ஒருவர் செய்த நல்லது. நம்முடைய பங்கு அறிதல் மட்டும். இப்போது நாங்கள் உணர்ச்சிக்கே நன்றி என்று பெயர் வைத்துவிட்டு, அதை நெஞ்சுக்குள் தோண்டித் தேடுகிறோம். மழையும் தேநீரும் உங்களுக்கு யார் செய்தது? ஆள் இல்லாத இடத்தில் நன்றி எழுதினால் மூன்றாம் நாள் அடிக்கத்தான் வேண்டிவரும்.

கணக்குப்பிள்ளை

எல்லாரும் அழகாகப் பேசுகிறீர்கள். நான் அழகில்லாததைப் பேசுகிறேன். சம்பளம் இரண்டு மாதம் தாமதம் என்று ஒரு வரியில் போய்விட்டார், அதை யாரும் தொடவில்லை.

அண்ணா, நோட்டை எடுத்தது நல்லது. அதில் நன்றி எழுத வேண்டாம், திகதி எழுதுங்கள். எந்த மாதச் சம்பளம், எந்த நாள் வர வேண்டியது, எந்த நாள் வந்தது, யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில். சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு (உங்கள் ஊரில் பி.எஃப்.) உங்கள் பங்கு 8 வீதம் கழிக்கிறார்கள் என்றால் நிறுவனம் 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்று இன்னொன்று, அதற்கும் நிறுவனம் 3 வீதம் போட வேண்டும், அது உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாதது. கழிக்கிறார்களா, கட்டுகிறார்களா? பாஸ்போர்ட் விசாவுக்குப் போனது சரி. விசா வேலை முடிந்ததும் அது யார் மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

தூக்கம் வராததற்குக் காரணம் நன்றி குறைவு இல்லை. காசு வரவில்லை, அப்பா படுத்திருக்கிறார், போக முடியவில்லை. இதற்குத் தூக்கம் வந்தால்தான் ஆளில் ஏதோ கோளாறு.

கடைமடைக்காரன்

மனையாவெளி அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் நான் அழுத அழுகை பிட்டு புரைக்கேறாமல் இருக்கத்தானா? சிரிப்பு வருகிறது, கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருக்கிறது. ஒரு மாதமாக அந்த வார்த்தையை வைத்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை, சம்பளச் சீட்டைப் பார்த்தேன். 8 கழிக்கிறார்கள். கட்டுகிறார்களா என்று திங்கட்கிழமை கேட்கிறேன். திங்கட்கிழமை என்றால் இரண்டு ஊரிலும் ஒன்றுதானே?

மனையாவெளி

ஒன்றுதான் தம்பி. அழுகையும் வீணில்லை. ஆறுதல் என்று நீங்கள் கேட்டது உங்கள் காதுக்குள் இருந்த அர்த்தம், பிட்டு வைத்தது அவருடைய கை. சொல்லில்தான் பிழை.

கிண்ணியா நானா

அஸ்ஸலாமு அலைக்கும், தம்பிக்கு வணக்கம். மகளின் போனில் படித்தேன். டைப் பண்ணுவதும் மகள்தான், பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

நான் 1998 இல் சவூதி போனேன். தம்மாமில் லொறி. அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, திருமலைக்கு வர பாதையில் ஏற வேண்டும். பாதை என்றால் உங்களுக்கு ரோடு. எங்களுக்கு அது வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதவை. உம்மா அந்தப் பாதை வரைக்கும் வந்துதான் என்னை அனுப்பினா. பாலம் 2009 இல் வந்தது, 396 மீட்டர். நான் ஊருக்குத் திரும்பியதும் அந்த வருடம்தான். பாலத்தில் வந்து இறங்கினேன், இறக்கிவிட உம்மா இருக்கவில்லை.

2004 டிசம்பர் 26. சுனாமி கிண்ணியாவை என்ன செய்தது என்று திருமலை ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆஸ்பத்திரியே போய்விட்டது. நான் லொறியில் இருந்தேன். ரேடியோவில் ஸீலான், ஸீலான் என்று அரபியில் சொல்கிறான், அந்த ஒரு சொல்தான் விளங்கியது. பாஸ்போர்ட் கபீலிடம், அதாவது வேலைக்கு எடுத்த முதலாளியிடம். கேட்டேன். இப்போது போனால் லொறி யார் ஓட்டுவது என்றான். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. 'உனக்கு வேலை தந்தேன், சோறு தந்தேன், உனக்கு நன்றி இல்லையா' என்றான். தம்பி, அந்தக் கேள்வியை இருபது வருடமாக நான் மறக்கவில்லை. வேலை வாங்கினவன் கூலி கொடுப்பது கணக்கு. அதற்கு நன்றி கேட்டால் இரண்டு தடவை வசூலிக்கிறான் என்று அர்த்தம். நாங்கள் ஷுக்ர் செய்வது அல்லாஹ்வுக்கு. கபீலுக்கு இல்லை. நோட்டில் வேலை என்று எழுதி அதை அடிக்கப் பயந்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அங்கேதான் எனக்குக் கண் நின்றது. அடியுங்கள். ஒன்றும் ஆகாது.

அந்த ரூமில் ராமநாதபுரத்து ஆள் ஒருவர் இருந்தார். அவருடைய தமிழ்நாட்டுக் கரையும் அடிபட்ட நேரம். தன்னிடம் இருந்த போன் கார்டு எல்லாவற்றையும் என் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் கார்டைச் சுரண்டி நம்பர் அடிக்க வேண்டும். ஏழு கார்டு. இரண்டு நாளாக லைன் இல்லை. ஆறாவது கார்டில் மூத்த ராத்தாவின் (அக்கா) குரல் வந்தது. உம்மா இல்லை என்று சொன்னா.

அந்த மனிதர் 2006 இல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஊர்ப் பெயர் தெரியும், வீடு தெரியாது. ஏழாவது கார்டு சுரண்டாமலே என்னிடம் இருந்தது, பாலத்தில் வரும்போதும் பையில் இருந்தது. எப்படிக் கசந்து போகாமல் இருந்தேன் என்று கேட்டால், கசந்துதான் போனேன். அந்தக் கார்டைப் பார்க்கும்போது மட்டும் கசப்பு கொஞ்சம் தள்ளி நின்றது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை.

தம்பி, சீனக்குடாவில் இருந்து கிண்ணியா பக்கம்தான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வாங்க. எருமைத் தயிர் இருக்கு, சட்டியோடு கொண்டுபோகலாம்.

சும்மாவந்தவன்

இதற்குமேல் நான் பகிடி விட முடியாது. நானா, தயிருக்கு நானும் வரலாமா?

உளநூல்

நான் உளவியல் படித்தவன், ஆலோசகர்கள் சார்பில் இரண்டு வார்த்தை. நன்றிக் குறிப்பேடு யாரோ முகநூலில் கண்டுபிடித்தது இல்லை. ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003 இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு நன்றியோடு எண்ணக்கூடியவற்றையும், ஒரு பிரிவு எரிச்சல்களையும், மற்றது பொதுவாக நடந்தவற்றையும் ஐந்து வரை எழுத வேண்டும். பத்து வாரம். கவனியுங்கள், அதில் வாரத்துக்கு ஒரு தடவைதான். நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைக் கொஞ்சம் நல்லபடியாக மதிப்பிட்டார்கள். சோன்யா லியுபோமிர்ஸ்கி பார்த்தபோதும் வாரம் ஒரு தடவை எழுதியவர்களுக்குப் பலன் இருந்தது, மூன்று தடவை எழுதியவர்களுக்கு இல்லை. பழகிப்போனால் உப்புச் சப்பில்லாமல் ஆகிவிடுகிறது. மழை, தேநீர், வேலை என்று வரிசை மட்டும் மாறியதே, அதுதான்.

தினம் மூன்று என்பது மார்ட்டின் செலிக்மன் குழு 2005 இல் வெளியிட்டதில் இருந்து வந்தது. அதில் அன்று நன்றாக நடந்த மூன்றை எழுதுவதோடு, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். உங்கள் ஆலோசகர் அந்த 'ஏன்' பகுதியை விட்டிருக்கிறார் அல்லது நீங்கள் விட்டிருக்கிறீர்கள். பிட்டு கிடைத்தது என்று எழுதினால் ஒரு சொல். ஏன் கிடைத்தது என்று எழுதப் போனால் ஒரு ஆள் வந்து நிற்பார். அதே ஆய்வில் இன்னொரு பயிற்சியும் இருந்தது: உதவி செய்தும் சரியாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது. உடனடியாக அதிக மகிழ்ச்சி தந்தது அதுதான். ஆனால் ஒரு மாதத்துக்குமேல் நிற்கவில்லை.

கணக்குப்பிள்ளை

அமெரிக்க மாணவனுக்கு எரிச்சல் என்றால் பார்க்கிங் கிடைக்காதது. இவருக்கு எரிச்சல் அப்பாவின் இதயம். எனக்கு விளங்காதது இதுதான்: கஷ்டப்படுகிறவனை மட்டும் ஏன் நன்றி எழுதச் சொல்கிறீர்கள்? சம்பளத்தைத் தாமதிக்கிற முதலாளியை யாராவது நோட்டு வாங்கச் சொன்னார்களா?

உளநூல்

சொன்னால் வாங்குவாரா? நீங்கள் சொல்வதும் சரிதான். தூக்கம் இரண்டு வாரத்துக்குமேல் போனால் நோட்டு போதாது, நேரில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், என் பிழை.

இரவுப்பணி

தோஹாவில் இருந்து எழுதுகிறேன். தாதி வேலை, ஏழு வருடம். வீடு திருமலையில் டொக்யார்ட் வீதிப் பக்கம். இங்கே இரவு ஒன்பதரை ஆனால் ஊரில் பன்னிரண்டு. அந்த இரண்டரை மணி நேரம் சின்னதாகத் தெரியும், ஆனால் நான் வேலை முடித்துப் பேச நினைக்கும்போதெல்லாம் அம்மா தூங்கியிருப்பா.

அண்ணா, துபாய் அத்தை பையன் கதைக்கு என் பதில். ஒப்பிட்டுக் கிடைக்கிற நன்றி எனக்கு ஒருநாளும் உதவவில்லை. இங்கே கோடையில் காலை பத்தில் இருந்து பின்னேரம் மூன்றரை வரைக்கும் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம், ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை. அப்படியும் வெயில் அடித்து விழுந்தவர்கள் எங்கள் வார்டுக்கு வருவார்கள். 'பார், உன்னைவிட அவன் கஷ்டம்' என்று என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அவனுடைய காய்ச்சலைப் பார்த்து நான் ஆறுதல் அடைய வேண்டுமா? இதில் ஆறுதல் என்றது உங்கள் ஊர் அர்த்தத்தில். அவனுக்கு ட்ரிப் ஏற்றுவதுதான் என் வேலை, அவனைப் பார்த்துச் சந்தோசப்படுவது இல்லை.

முதல் வருடம் துணி அடுக்கும் அறையில் நின்று அழுவேன். அம்மா எப்படி இருக்கிறாய் என்றால் சுகம் என்பேன். தினமும் சுகம். ஒருநாள் களைப்பில் வாய் தவறி, 'இன்றைக்குச் சரியில்லை அம்மா' என்றுவிட்டேன். அம்மா பதறுவா, வா என்று சொல்லுவா என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு 'பொறு, பொறு' என்றா. திடீரென்று 'போ! போ சனியனே!' என்று ஒரு கத்தல். எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. மான் வந்து செவ்வரத்தையை, உங்கள் ஊர்ச் செம்பருத்தியை, தின்றுகொண்டிருந்ததாம். கோட்டைப் பக்கத்து மான்கள் எங்கள் வளவுக்குள் வரும், யாருக்கும் பயமில்லை, பஸ் ஸ்டாண்டில்கூட ஆட்களோடு ஆட்களாக நிற்கும். அம்மா தும்புத்தடியோடு மானைத் துரத்துகிறா, மான் அசையவே இல்லைப் போல, 'பார்க்கிற பார்வையைப் பார்' என்று அதற்கே திட்டு. நான் ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் போனைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான்.

அதிலிருந்து சுகம் என்று பொய் சொல்வதை நிறுத்தினேன். அம்மாவும் அவவுடைய கால் நோவை மறைக்கிறதை நிறுத்தினா. நன்றி நோட்டு என்னிடம் இல்லை. உங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு அப்பா விஷயம் இன்னும் தெரியாது என்கிறீர்கள். ஒரு மாதமாக! சாப்பாடு போடுகிற மனுசிக்கு, அந்தப் பிட்டு எந்த இரவில் விழுந்தது என்று தெரிய வேண்டாமா?

பாஸ்போர்ட்டைப் பற்றி: இங்கே முதலாளி அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். உங்கள் இடத்து விதியைக் கணக்குப்பிள்ளை அண்ணனிடம் கேளுங்கள். ஆள் கடுமை, ஆனால் பயனுள்ள கடுமை.

மனையாவெளி

தங்கச்சி, மான் எங்கள் பள்ளிக்கூட வாசலுக்கும் வரும். பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியை முதலில் திறப்பது அதுதான்.

கடைமடைக்காரன்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். கிழமை இரண்டு என்றும் சொல்லலாம், கற்றுக்கொண்டேன்.

வரிசை இல்லாமல் சொல்கிறேன். பாஸ்போர்ட் கைக்கு வந்தது. விசா ஒட்டி முடிந்து பத்து நாளாக அது ஆபீஸ் அலமாரியில்தான் இருந்திருக்கிறது, நான் கேட்டதால் எடுத்துக் கொடுத்தார்கள். கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் அங்கேயே இருந்திருக்கும். சேமலாப நிதி இரண்டு மாதம் கட்டவில்லை, கட்டுவதாக மின்னஞ்சலில் எழுதி வாங்கியிருக்கிறேன். சம்பளம் இந்த மாதமும் ஆறு நாள் தாமதம், திகதி போட்டாயிற்று. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், பீடியைத் தேடுகிறார், அம்மா எல்லாப் பெட்டியையும் பூட்டி வைத்திருக்கிறாளாம். தை பிறந்ததும் பத்து நாள் விடுப்பு.

நானா வீட்டுக்குப் போனேன். சும்மாவந்தவன் நிஜமாகவே வந்துவிட்டார், தயிரில் பாதி அவர் வயிற்றில். சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த ஏழாவது கார்டைக் காட்டினார். நம்பர் பகுதி இன்னும் சாம்பல் நிறத்தில் சுரண்டாமல் இருக்கிறது. ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், விடுப்பில் போகும்போது விசாரிக்கிறேன் என்றேன். கிடைப்பார் என்று நம்பிக்கை கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அந்தக் கம்பெனிப் பெயரையும் ஊர்ப் பெயரையும் மகள் ஒரு தாளில் எழுதித் தந்தாள்.

இனி வீட்டுக்கார அம்மா. சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. போன ஞாயிறு மழையில் அவர் வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்து விழுந்து எழும்பியது. மின்சாரக்காரர் இரண்டு நாள் கழித்து வருவார் என்று மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருந்தார். நான் டெஸ்டரோடு இறங்கினேன். ஒவ்வொரு சர்க்கியூட்டாகத் தள்ளிப் பார்த்ததில் கேட் விளக்கில் வந்து நின்றது. ஹோல்டரைக் கழற்றினால் உள்ளே தண்ணீர், தண்ணீருக்குமேல் ஒரு எறும்புக் கூடு. பழைய ஒயரை வெட்டி எறிந்து புதிதாக இழுத்தேன். ஏணியை அவர்தான் பிடித்தார், எழுபது வயசு, வேண்டாம் என்றால் கேட்கவில்லை. 'ஆறுதலா, தம்பி, ஆறுதலா' என்று கீழேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஏணியில் நின்றபடியே சொல்லிவிட்டேன். அன்றைக்குப் பிட்டு வைத்தீர்களே, அன்றுதான் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், நீங்கள் ஆறுதலாக என்றதை நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன் என்று. அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் ஏணியை விட்டுவிட்டார். நல்லவேளை, கடைசிப் படிக்கு முந்தின படியில் இருந்தேன். 'ஏன் அப்பவே சொல்லேல்ல?' என்று ஒரு ஏச்சு. என் அம்மாகூட இப்படி ஏசியதில்லை. அப்பாவின் பெயர் என்ன, நட்சத்திரம் என்ன என்று கேட்டார். பெயர் சொன்னேன், நட்சத்திரம் தெரியாது. மகனாம், நட்சத்திரம் தெரியாதாம் என்று அதற்கு இன்னொரு ஏச்சு. ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னேன், கேட்டை. வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்பாள் கோயிலில் அர்ச்சனை செய்து, விபூதியைத் தாளில் மடித்து மாடிப் படியில் வைத்திருந்தார். அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். 'யாருடா அந்தம்மா, என் பேரில் அர்ச்சனை பண்ணுறது?' என்று அரை மணி நேரம் விசாரணை.

தட்டு விஷயம் ஒன்று பாக்கி. அவர் கொடுத்தனுப்பும் தட்டை இதுவரை கழுவி வெறும் தட்டாகத்தான் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அப்படிக் கொடுத்தால் அம்மா கையை முறித்துவிடுவாள், இரண்டு மிளகாயாவது போட்டுத்தான் அனுப்புவாள். இங்கே வந்து அது எனக்கு மறந்தே போயிருந்தது. இப்போது நானே சாம்பார் வைத்து அனுப்புகிறேன். அவர் தட்டில் வடை வருகிறது, நான் கிண்ணியாத் தயிர் அனுப்பினேன், தயிர்ச் சட்டியில் திரும்பி இடியப்பம் வந்தது. எந்தப் பாத்திரம் யாருடையது என்று இப்போது இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நோட்டில் இப்போது திகதிகள்தான் இருக்கின்றன. தூக்கம் ஐந்து மணி நேரம் வருகிறது, வராத நாளும் உண்டு. நேற்று இரவு அவர் அனுப்பிய பிட்டில் என் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

மனையாவெளி

எல்லாம் சரி தம்பி. பிட்டுக்குச் சாம்பார் ஊற்றினதை அந்த அம்மாவிடம் மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ.